பிஎச்.டி.க்கு எந்தத் துறை? புதுச்சேரி உயிரியல் மாணவர்களுக்கு

எம்.எஸ்சி. முடிக்கும் பலர், எந்தத் துறைக்கு மவுசு அதிகம் என்று விசாரித்துவிட்டுத்தான் பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கிறார்கள். யு.ஜி.சி.யின் 2022 விதிமுறைப்படி அந்தப் படிப்புக்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு. அதற்குள் மவுசு மாறிவிடும். அன்றாடம் செய்யும் வேலை மாறாது. அது உங்களுக்கு ஒத்துவருமா என்று பார்த்துத் துறையை முடிவு செய்யுங்கள்.

1. கேள்வியாக எழுதுங்கள். 'கொசு ஆராய்ச்சி' என்றால் போதாது. 'யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு எந்த வகைச் சாக்கடையில் அதிகம் பெருகுகிறது?' என்று எழுதினால் வேலை கண்ணுக்குத் தெரியும். இப்படி மூன்று கேள்விகள் போதும்.

2. ஊரில் இருப்பதைப் பாருங்கள். கொசு, யானைக்கால் ஆய்வுக்கு 1975 முதல் இயங்கும் ஐ.சி.எம்.ஆர். நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு மையம். மேற்குத் தொடர்ச்சி மலைத் தாவரங்களுக்கு, 1955-ல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் உலர்தாவரத் தொகுப்பு. நோயாளிகள் சார்ந்த ஆய்வுக்கு ஜிப்மர். உயிர்வேதியியல், நுண்ணுயிரியல், சூழலியலுக்குக் காலாப்பட்டில் மத்தியப் பல்கலைக்கழகம்.

3. வேலையைச் செய்து பாருங்கள். யானைக்கால் நுண்புழுக்கள் நம் ஊர்ப் பக்கம் இரவில்தான் ரத்தத்தில் மிகுந்து ஓடும். ஆகவே மாதிரி எடுப்பவர், ஊர் உறங்கப்போகும் நேரத்தில் வீடு வீடாகக் கதவைத் தட்டி, சம்மதம் வாங்கி, விரல் நுனியில் ஊசி குத்தி, கண்ணாடித் தகட்டில் ரத்தம் தடவ வேண்டும். காட்டாய்வு என்றால் மழை, அட்டை. செல் வளர்ப்பு என்றால் ஞாயிற்றுக்கிழமையும் ஆய்வகம். எம்.எஸ்சி. பிராஜெக்டிலேயே இதைப் பழகிப் பார்த்துவிடுங்கள்.

4. ஆய்வேடுகளைப் படியுங்கள். சோத்கங்கா தளத்தில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் இலவசம். முதலில் செய்முறை அத்தியாயத்தைப் புரட்டுங்கள். எத்தனை மாதிரி, எவ்வளவு காலம், என்ன கருவி என்பது விளங்கும்.

5. கைடை விசாரியுங்கள். ஆய்வு மாணவர்களாக ஒரு பேராசிரியர் 8 பேர், இணைப் பேராசிரியர் 6 பேர், உதவிப் பேராசிரியர் 4 பேர் வரைதான் ஒரே சமயத்தில் வைத்துக்கொள்ளலாம். ஓய்வுபெற 3 ஆண்டுக்குக் குறைவாக இருப்பவர் புதியவர்களைச் சேர்க்க முடியாது. இடம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, அவரிடம் ஆய்வு செய்பவர்களிடம் தனியாகப் பேசுங்கள்.

6. உதவித்தொகையைத் திட்டமிடுங்கள். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் 2023 முதலான விகிதப்படி மாதம் 37,000 ரூபாய். பிராஜெக்ட் பணத்தில் சேர்ந்தால் பெரும்பாலும் அந்தப் பிராஜெக்டின் தலைப்புதான் உங்கள் தலைப்பு. சொந்த உதவித்தொகையோடு போகிறவர் தன் கேள்வியோடு போகலாம். அந்தச் சுதந்திரத்துக்காகவே நெட்டுக்கு உழைக்கலாம்.