குவியப் புள்ளிக்கு வடிவமும் உண்டு

அன்புள்ள கயல்,

எக்ஸ்ரே டியூபில் எலக்ட்ரான்கள் மோதும் ஃபோகல் ஸ்பாட், அதாவது குவியப் புள்ளி, சிறிதாக இருந்தால் போதும், படம் கூர்மையாக வந்துவிடும் என்று எழுதியிருக்கிறாய். அளவோடு நின்றுவிடாதே அம்மா. அந்தப் புள்ளியின் வடிவத்தையும் பார்க்கப் பழகு.

ஆனோடில் மோதும் எலக்ட்ரான்களின் ஆற்றலில் சுமார் 1 சதவீதமே எக்ஸ்ரே ஆகிறது, மீதியெல்லாம் வெப்பம். அத்தனையையும் ஒரே புள்ளியில் இறக்கினால் ஆனோடின் டங்ஸ்டனும் உருகிவிடும். அதனால்தான் மோதும் இடத்தைப் பட்டையாக நீட்டி, ஆனோடின் முகத்தைச் சாய்த்து வைத்தார்கள். சாய்வு 12 டிகிரி என்றால், 1 மி.மீ. அகலமும் 5 மி.மீ. நீளமும் உள்ள பட்டை நோயாளியின் பக்கமிருந்து ஏறக்குறைய 1 மி.மீ. சதுரமாகத் தெரியும். அற்புதமான யோசனை! சாய்வை இன்னும் குறைக்கலாமே என்பாய். குறைத்தால் ஆனோடு பக்கத்தில் கதிர் மங்கும். பெரிய படத்துக்குப் போதாது.

நான் சொல்ல வந்தது இதற்கு அடுத்தது. எலக்ட்ரான்களை வெளியிடும் ஃபிலமென்ட் ஒரு சுருள். அதன் முன்புறத்திலிருந்து கிளம்பும் எலக்ட்ரான்கள் ஒரு பாதையிலும், பக்கங்களிலிருந்து கிளம்புபவை வேறு பாதையிலும் போய் விழுகின்றன. அதனால் பல டியூப்களில் புள்ளியின் நடு மங்கி, இரு ஓரங்களும் கோடுகளாக ஒளிர்கின்றன. பக்கம் பக்கமாக இரண்டு விளக்குகள் எரிந்தால் ஒரு குச்சிக்கு இரண்டு நிழல் விழும் அல்லவா? டியூபின் அச்சுக்கு இணையாக ஓடும் மெல்லிய ரத்தக் குழாய்க்கும் அதுவே நேரலாம். அதே அளவுப் புள்ளி நடுவில் செறிந்து ஓரங்களில் தேய்ந்திருந்தால் நுண்ணிய விவரம் தெளிவாக விழும். அளவு ஒன்றுதான், படம் வேறு.

இதைச் சரிசெய்யும் வேலை, ஃபிலமென்ட் இருக்கும் கேத்தோடில் நடக்கிறது. ஃபிலமென்டைச் சுற்றியுள்ள கிண்ணத்தின் பள்ளத்தை ஆழமாக்குவார்கள், அகலத்தை மாற்றுவார்கள். கிண்ணத்துக்கு ஃபிலமென்டைவிடக் கூடுதல் எதிர்மின்னழுத்தம் கொடுத்தால் பக்கத்து எலக்ட்ரான்கள் உள்ளே ஒடுங்கும். அந்த அழுத்தம் அளவு மீறினால் மின்னோட்டமே நின்றுவிடும். இப்போது சுருளுக்குப் பதில் தட்டையான தகடும், கற்றையை நெறிப்படுத்தக் காந்தங்களும் வந்திருக்கின்றன. எனக்கு இந்த வழியில்தான் நம்பிக்கை அதிகம்.

டியூபின் மேல் எழுதிய எண்ணை மட்டும் நம்பாதே. 0.6 என்று குறித்த புள்ளி அகலத்தில் 0.9 மி.மீ. வரையும் நீளத்தில் 1.3 மி.மீ. வரையும் இருக்கச் சர்வதேசத் தரவிதியே இடம் தருகிறது. மில்லியாம்பியரை ஏற்றி கிலோவோல்ட்டைக் குறைத்தால் புள்ளி இன்னும் வீங்கும். அடுத்த முறை உங்கள் துறையில் புது டியூப் பொருத்தும்போது, ஊசித்துளைத் தகடு வைத்துப் புள்ளியைப் படமெடுக்கச் சொல்லிக் கேள். அந்தப் படத்தை எனக்கும் அனுப்பு.

அன்புடன்,
மாமா