குறி தப்புவது கையாலா, திரையாலா?

பெரம்பலூர் மாவட்டத்தின் ரஞ்சன்குடியிலோ வாலிகண்டபுரத்திலோ இருந்துகொண்டு பிஜிஎம்ஐ (பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா) போட்டிகளில் பெயர் வாங்க நினைக்கும் பிள்ளைகள் முதலில் தேடுவது அடுத்தவருடைய ‘சென்சி’யைத்தான் (சென்சிட்டிவிட்டி செட்டிங்). அதற்கு முன்பே பார்க்க வேண்டிய ஒன்று இருக்கிறது: உங்கள் போன் விநாடிக்கு எத்தனை பிரேம்களைச் (எஃப்பிஎஸ்) சீராகக் காட்டுகிறது? அது ஆட்டம் கண்டால் யாருடைய சென்சியும் உங்களுக்கு உதவாது.

இதைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கும் காலம் போய்விட்டது. 2022 டிசம்பரில் மத்திய அரசு இ-ஸ்போர்ட்ஸை விளையாட்டுத் துறையின் கீழ் கொண்டுவந்தது. 2025 ஆகஸ்டில் வந்த ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், பணம் வைத்து ஆடும் ஆட்டங்களைத் தடை செய்து, இ-ஸ்போர்ட்ஸைத் தனியாக அங்கீகரித்தது. தொழிலாக எடுத்துக்கொள்வதென்றால் கருவியைத் தெரிந்துகொண்டுதான் இறங்க வேண்டும்.

பிரேம் எப்படிக் குறியைத் தொடுகிறது?

விநாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் உங்கள் எதிரே குறுக்காக ஓடும் ஒருவனை எடுத்துக்கொள்ளுங்கள். 30 எஃப்பிஎஸ்ஸில் ஒரு பிரேமுக்கும் அடுத்ததற்கும் இடையே 33 மில்லி விநாடி. அதற்குள் அவன் 20 செ.மீ. நகர்ந்துவிடுவான். ஒரு தலையின் அகலமே ஏறக்குறைய அவ்வளவுதான். 60 எஃப்பிஎஸ்ஸில் இந்த இடைவெளி 10 செ.மீ., 90-இல் சுமார் 7, 120-இல் 5. நீங்கள் தலையைப் பார்த்துச் சுட்ட இடத்தில் தலை இல்லாமல் போவது இப்படித்தான்.

இன்னொரு தாமதமும் உண்டு. விரல் தொட்டதைத் திரை உணர வேண்டும், விளையாட்டு அதைக் கணக்கிட வேண்டும், கிராபிக்ஸ் சிப் படத்தை வரைய வேண்டும், பிறகு திரை அதைக் காட்ட வேண்டும். பிரேம் எண்ணிக்கை குறையக் குறைய இந்தப் படிகளில் காத்திருப்பு கூடும். ஸ்ப்ரே அடிக்கும்போது, அதாவது தொடர்ந்து சுடும்போது, துப்பாக்கி மேலே ஏறுவதைத் தாமதமாகப் பார்த்து, தேவைக்கு மேல் கீழே இழுத்துவிடுவோம்.

ஆனால் எண் பெரிதாக இருப்பதைவிட அது நிலையாக இருப்பது முக்கியம். 90-க்கும் 50-க்கும் இடையே தாவும் போனைவிட, 60-இல் அசையாமல் நிற்கும் போனில்தான் கை பழகும். பழக்கம் என்பது ஒரே தாமதத்துக்குக் கை பொருந்திப்போவது. தாமதம் நிமிடத்துக்கு நிமிடம் மாறினால் கை எதற்குப் பொருந்தும்?

போனில் என்ன வைக்கலாம்?

• கிராபிக்ஸை ‘ஸ்மூத்’தில் வையுங்கள். நிழல், நுணுக்கங்களுக்குச் செலவாகும் சக்தி பிரேமுக்கு மிச்சமாகும்.

• பிஜிஎம்ஐயின் பிரேம் ரேட் செட்டிங்கில் ‘ஹை’ என்றால் 30, ‘அல்ட்ரா’ 40, ‘எக்ஸ்ட்ரீம்’ 60 எஃப்பிஎஸ். 90-ம் 120-ம் சில போன்களுக்கு மட்டுமே திறக்கும். உங்கள் போன் கடைசி வட்டம் வரை தாங்கும் அளவைத் தேர்ந்தெடுங்கள்.

• திரையின் ரெஃப்ரெஷ் ரேட்டையும் பாருங்கள். விளையாட்டு 90 பிரேம் தந்தாலும், போன் செட்டிங்கில் திரை 60 ஹெர்ட்ஸில் இருந்தால் 60-தான் கண்ணுக்குத் தெரியும்.

• போன் வாங்கும்போது டச் சாம்ப்ளிங்கையும் ரெஃப்ரெஷ் ரேட்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். முதலாவது, விரலைத் திரை எத்தனை முறை கவனிக்கிறது என்பது. இரண்டாவது, படத்தை எத்தனை முறை மாற்றுகிறது என்பது. பெட்டியில் பெரிதாக அச்சிட்ட 240 இதில் எது என்று கேட்டு வாங்குங்கள்.

• பவர் சேவரை அணையுங்கள். பின்னணியில் ஓடும் ஆப்களை மூடுங்கள். ஸ்க்ரீன் ரெக்கார்டிங் பிரேமைத் தின்னும். பயிற்சியில் பதிவுசெய்யுங்கள், போட்டியில் வேண்டாம்.

எல்லாவற்றையும் ‘லேக்’ என்று ஒரே சொல்லில் அடக்கிவிடாதீர்கள். படம் விட்டுவிட்டு நகர்ந்தால் அது பிரேம் டிராப். மருந்து போனில் இருக்கிறது. படம் வழவழப்பாக ஓடியும் எதிரி இங்கிருந்து அங்கே தாவினாலோ, அடித்த குண்டு கணக்கில் வராமல் போனாலோ அது பிங் (சர்வருக்குத் தகவல் போய்வரும் நேரம்). மருந்து நெட்வொர்க்கில் இருக்கிறது. கிராபிக்ஸைக் குறைத்துப் பிங்கைச் சரிசெய்ய முடியாது.

பெரம்பலூர் வெயிலில்

நம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பெரிய எதிரி சூடு. போன் சூடேறினால் பிராசசர் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். திரையின் வெளிச்சமும் மங்கும். முதல் 10 நிமிடம் 60-இல் ஓடிய ஆட்டம், கடைசி வட்டத்தில் 40-க்கு இறங்கும். புகைக்குண்டு, வண்டி, மிச்சமிருக்கும் எல்லா அணிகளும் ஒரே இடத்தில் குவிவதும் அப்போதுதான்.

தகரக் கூரையின் கீழ் மதியத்தில் ஆடாதீர்கள். காலையிலோ இருட்டிய பிறகோ பயிற்சியை வையுங்கள். சார்ஜில் போட்டபடி ஆடாதீர்கள். கவரைக் கழற்றி, ஃபேன் காற்று படும்படி உட்காருங்கள். சூடான போனை ஃப்ரிட்ஜில் வைப்பது கூடவே கூடாது; உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும்.

கணினியில் ஆடுபவர்களுக்கு

வேலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2 பக்கம் போகிறவர்கள் முதலில் விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்கைத் திறக்க வேண்டும். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கிவிட்டு அதை 60-இலேயே ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் ஏராளம். போட்டி ஆட்டத்துக்கு வி-சிங்கை அணையுங்கள். படம் கிழிவதை அது தடுத்தாலும் தாமதத்தைக் கூட்டும். மோஷன் பிளரும், விண்டோஸின் மவுஸ் ஆக்சலரேஷனும் வேண்டாம். கிராபிக்ஸ் கார்டு 99 சதவீதத்தில் திணறினால் பிரேம்கள் வரிசையில் காத்துக்கிடக்கும். ரெசல்யூஷனைக் குறையுங்கள், அல்லது எஃப்பிஎஸ்ஸுக்கு ஓர் உச்சவரம்பு வையுங்கள். என்விடியா ரிஃப்ளெக்ஸ் இருந்தால் இயக்குங்கள். இந்த வரிசையைச் சுருக்குவதுதான் அதன் வேலை.

நோட்டுப் போட்டுச் சோதியுங்கள்

ஒரு நேரத்தில் ஒரே ஒரு செட்டிங்கை மாற்றுங்கள். பயிற்சி மைதானத்தில் ஒரே துப்பாக்கி, ஒரே ஸ்கோப், 100 மீட்டர் இலக்கு. 30 குண்டு அடித்து, எத்தனை பட்டது என்று எழுதுங்கள். இதைப் பத்து முறை செய்யுங்கள். போன் குளிர்ந்திருக்கும்போது ஒரு தடவையும், ஒரு முழு மேட்ச் முடித்த சூட்டில் ஒரு தடவையும் செய்தால்தான் உண்மை தெரியும். சிறந்ததைக் கண்டுபிடித்ததும் அதைப் பூட்டிவிட்டுப் பயிற்சிக்குப் போங்கள். தோற்ற ஒவ்வொரு மேட்சுக்கும் சென்சியை மாற்றுபவருக்குக் கை நிலைக்காது.

சராசரி எஃப்பிஎஸ்ஸை மட்டும் நம்பாதீர்கள். 10 விநாடியில் 9.7 விநாடி 60-இல் ஓடி, 0.3 விநாடி படம் உறைந்து நின்றாலும் சராசரி 58 என்றே காட்டும். பார்க்க நன்றாக இருக்கும். நீங்கள் செத்தது அந்த 0.3 விநாடியில். அதனால்தான் தொழில்முறைச் சோதனையாளர்கள் மிக மெதுவான 1 சதவீத பிரேம்களைத் தனியாகக் கணக்கிடுகிறார்கள்.

இது எங்கே வேலையாகும்?

ஆட்டக்காரராக நிலைத்துச் சம்பாதிப்பவர்கள் மிகச் சிலரே. பிஜிஎம்ஐயின் பிஜிஐஎஸ் போன்ற போட்டிகளில் சிறு ஊர் அணியும் பதிவுசெய்து மோதலாம். 2021-இல் தொடங்கிய முதல் பிஜிஐஎஸ்ஸின் பரிசுத்தொகை 1 கோடி ரூபாய். முயலுங்கள். ஆனால் படிப்பை விட்டுவிட்டு அதை மட்டும் நம்பாதீர்கள்.

அதே நோட்டு வேறு கதவுகளையும் திறக்கும். ஒரு புதிய விளையாட்டு எந்தப் போனில், எந்த இடத்தில், எத்தனை நிமிடத்துக்குப் பிறகு திணறுகிறது என்று கண்டுபிடித்து எழுதுவதே கேம் டெஸ்டரின் வேலை. பெங்களூரில் ராக்ஸ்டார், புனேயில் யூபிசாஃப்ட், ஐதராபாத்தில் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்று ஸ்டூடியோக்கள் இருக்கின்றன. சென்னையில் ஸ்கைஸ்போர்ட்ஸ் போன்ற நிறுவனங்கள் போட்டிகளை நடத்துகின்றன. அங்கே அப்சர்வர் (ஆட்டத்தின் காட்சிகளைத் தேர்ந்து காட்டுபவர்), ஒளிபரப்பு, தொழில்நுட்ப உதவி என்று பல வேலைகள்.

நேர்காணலில் ‘நான் கான்குவரர் ரேங்க்’ என்று சொல்வதைவிட, போன் மாடல், செட்டிங், செய்த படிகள், எதிர்பார்த்தது, நடந்தது, பத்தில் எத்தனை முறை நடந்தது என்று ஆறு வரியில் எழுதிய அறிக்கை ஒன்றை நீட்டுங்கள். ‘பெர்ஃப்டாக்’ போன்ற, எஃப்பிஎஸ்ஸை அளக்கும் கருவிகளைப் பழகுங்கள். ‘நான் முதல்வன்’ போன்ற திட்டங்களில் கிடைக்கும் சாஃப்ட்வேர் டெஸ்டிங், ஆங்கிலப் பயிற்சிகளை விட்டுவிடாதீர்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. 18 வயதுக்குக் கீழுள்ளவர்களுக்கு பிஜிஎம்ஐ நாளொன்றுக்கு 3 மணி நேர வரம்பு வைத்தே வந்தது. அந்த வரம்பை வீட்டிலும் காப்பாற்றுங்கள். ‘கில்லுக்கு இவ்வளவு காசு’ என்று பணம் கட்டச் சொல்லும் வாட்ஸ்அப் கஸ்டம் ரூம்களில் பிள்ளைகளைச் சேரவிடாதீர்கள்.

விலை உயர்ந்த போன் இல்லையே என்று ரஞ்சன்குடிப் பிள்ளை தயங்க வேண்டியதில்லை. நடுத்தரப் போன் எங்கே திணறும் என்பதை அன்றாடம் அனுபவிப்பவர் அவர்தான். இந்தியாவில் விளையாட்டை விற்க வரும் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தேவைப்படுவது அந்த விவரமே. இன்று இரவு ஒரு நோட்டை எடுத்து, போன் மாடலையும் இப்போதைய செட்டிங்கையும் முதல் வரியில் எழுதிவிட்டு முதல் 30 குண்டை அடியுங்கள்.