வில்லையின் முக்கோணமும் ஓர் ஏக்கர் நிலமும்

சித்தூர் மாவட்டத்தில் குப்பத்தை அடுத்துள்ள குடுபல்லியில் ஒரு சிறு விவசாயிக்கு ஓர் ஏக்கர் மானாவாரி நிலம் இருப்பதாகக் கொள்வோம். பயிர்ப் பரப்பைச் செயற்கைக் கோளின் உதவியால் கணக்கிடும்போது அந்நிலம் படத்தில் தனித்துத் தெரியுமா? இதற்கு விடை தருவது பள்ளிப் பாடத்தில் வரும் எளிய வடிவியலே.

பொருளின் ஒரு புள்ளியிலிருந்து புறப்படும் ஒளிக்கதிர்களைக் குவிவில்லை மீண்டும் ஒரு புள்ளியில் சேர்க்கிறது. வில்லையின் மையம் வழியே செல்லும் கதிர் திசை மாறுவதில்லை. அச்சுக்கு இணையாக வரும் கதிர் குவியத்தின் வழியே செல்கிறது. இவ்விரண்டும் சந்திக்கும் இடத்தில் தலைகீழான பிம்பம் தோன்றுகிறது. பொருள் மிகத் தொலைவில் இருப்பின், பிம்பம் குவியத் தூரத்திலேயே அமையும். அப்போது மையக் கதிர்கள் வில்லையின் இருபுறமும் இரண்டு வடிவொத்த முக்கோணங்களை அமைக்கின்றன. எனவே, பொருளின் அளவுக்கும் அதன் தொலைவுக்கும் உள்ள விகிதமே பிம்பத்தின் அளவுக்கும் குவியத் தூரத்துக்கும் இருக்கும். 100 மீட்டர் தொலைவில் நிற்கும் 10 மீட்டர் உயரப் பனைமரம், 50 மில்லிமீட்டர் குவியத் தூரமுள்ள காமிராவில் 5 மில்லிமீட்டர் உயரப் பிம்பமாகிறது.

1988 மார்ச் 17 அன்று ஏவப்பட்ட ஐ.ஆர்.எஸ்.-1ஏ செயற்கைக் கோள் 904 கிலோமீட்டர் உயரத்தில் பூமியைச் சுற்றியது. அதிலிருந்த லிஸ்-1 காமிராவின் குவியத் தூரம் சுமார் 162 மில்லிமீட்டர். ஒளியை உணரும் அதன் ஒவ்வொரு சில்லும் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் 13 பங்கு அகலமுடையது. மேற்கூறிய விகிதப்படி, ஒரு சில்லு தரையில் 72.5 மீட்டர் சதுரத்தை, அதாவது ஏறத்தாழ 1.3 ஏக்கரைப் பார்த்தது. ஓர் ஏக்கர் நிலம் அண்டை நிலத்தோடு கலந்தே பதிவாகும்.

லிஸ்-2 காமிராவில் குவியத் தூரம் இரு மடங்காக்கப்பட்டது. சதுரத்தின் பக்கம் 36.25 மீட்டராகக் குறைந்தது. ஓர் ஏக்கர் மூன்று சில்லுகளை நிரப்பும் அளவாயிற்று. ஆனால் பார்வைப் பரப்பின் அகலமும் பாதியாகச் சுருங்கியது. அதை ஈடு செய்யவே இரண்டு லிஸ்-2 காமிராக்கள் பக்கம் பக்கமாகப் பொருத்தப்பட்டன. 1995 டிசம்பர் 28 அன்று ஏவப்பட்ட ஐ.ஆர்.எஸ்.-1சி-யின் கறுப்பு வெள்ளைக் காமிராவோ 5.8 மீட்டர் நுட்பத்தைத் தந்தது. ஓர் ஏக்கருக்குச் சுமார் 120 சில்லுகள்.

ஆகவே, செயற்கைக் கோள் படத்திலிருந்து பெறப்பட்ட புள்ளிவிவரத்தை ஏற்குமுன், ஒரு சில்லு தரையில் எவ்வளவு இடத்தைக் குறிக்கிறது என்று கேட்பது திட்டமிடுவோரின் கடமையாகும். அந்த இடத்தை விடச் சிறிய நிலத்தை நேரில் சென்றே அளந்தறிய வேண்டும். இன்றேல், சிறு விவசாயியின் நிலம் கணக்கில் மறைந்துவிடும்.