இரயிலில் இரண்டு மணி நேரம்

என் ஊரிலிருந்து கல்லூரிக்குப் பாசஞ்சர் வண்டியில் ஒரு மணி நேரம். திரும்ப ஒரு மணி நேரம். ஈராண்டுகள் அதை அரட்டையில் கழித்துவிட்டு, வீட்டில் "படிக்க நேரமில்லை" என்று சொல்லி வந்தேன். இரண்டு தாள்கள் அரியர்ஸ் ஆயின.

அப்போதுதான் அந்தோணி டிரோலப் என்னும் ஆங்கில நாவலாசிரியரைப் பற்றிப் படித்தேன். அஞ்சல் துறை அலுவலரான அவர், பணிக்காக ஓயாது இரயிலில் சென்றவர். மடியில் சிறு பலகையை வைத்துப் பென்சிலால் எழுதுவார். பின்னர் அவர் மனைவி படியெடுப்பார். 1857இல் வெளிவந்த 'பார்செஸ்டர் டவர்ஸ்' நாவலின் பெரும்பகுதி அவ்வாறு எழுதப்பட்டதே. பின்னாளில் விடியற்காலை ஐந்தரைக்கே எழுதத் தொடங்கிவிடுவாராம். (அது என்னால் ஆகாத காரியம்!)

என்னைத் தொட்டது வேறொன்று. நாலைந்து பயணிகள் எதிரில் எழுதுவது பகட்டாகத் தோன்றுமோ என்று முதலில் அவர் கூசியிருக்கிறார், பிறகு பழகிவிட்டது. எனக்கும் தடையாயிருந்தது நேரமன்று, அந்தக் கூச்சமே.

மறுநாள் வண்டியில் பொருளியல் நூலைப் பிரித்தேன். "கலெக்டர் படிக்கிறாரு, சத்தம் போடாதீங்கடா!" என்றான் தோழன் ஒருவன். பெட்டியே சிரித்தது. குன்றிப் போனேன், ஆனாலும் நூலை மூடவில்லை.

ஒரு தாளில் தேறிவிட்டேன். மற்றொன்று வரும் நவம்பரில். அவன் இன்னும் கேலியை விட்டபாடில்லை. ஆனால் சன்னலோர இடத்தை எனக்கு விட்டுவிடுகிறான்.