ஐயர் வீட்டுப் பிள்ளை

கேள்வி: என் கணவர் திருநெல்வேலிப் பக்கம் சேகர குரு. "ஐயர் மகன் இப்படிச் செய்யலாமா?" என்று எல்லாரும் கேட்பதால், 14 வயது மகன் ஆலயத்துக்கு வரவே மறுக்கிறான். என்ன செய்வது?

பதில்: சகோதரி, அவன் வெறுப்பது ஆலயத்தை அல்ல, தன்னையே பார்த்துக்கொண்டிருக்கும் கண்களை. அதோடு, குருமனைக் கதவை யாராவது தட்டினால் அப்பா எழுந்து போகிறார். மகனின் கணக்கு நோட்டு மேசையில் திறந்தபடியே கிடக்கிறது.

மெதடிஸ்டு இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் தாய் சூசன்னாவும் ஒரு குருவின் மனைவிதான். 19 பிள்ளைகளைப் பெற்றவர். வீட்டிலிருந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் வாரத்தில் ஒரு மாலையை ஒதுக்கினார், ஜானுக்கு வியாழன். உங்கள் கணவரும் மகனுக்கு ஒரு மாலையைக் கொடுக்கட்டும், அங்கியைக் கழற்றி வைத்துவிட்டு, வெறும் அப்பாவாக. கண்டிக்கும்போதும் "நீ ஐயர் மகன்" என்று சொல்ல வேண்டாம். "நீ என் மகன்" போதும்.