சிறு துப்பாக்கியின் சிறப்பும் அதன் எல்லையும்

துப்பாக்கி என்ற சொல்லைக் கேட்டவுடன் போரும் காவலும் வேட்டையுமே நம் நினைவிற்கு வருகின்றன. ஆயினும், பல நாடுகளில் சுடப் பழகுவோர் முதன்முதலில் கையில் எடுப்பது போர்த் துப்பாக்கியன்று. 'புள்ளி இருபத்திரண்டு' எனப்படும் சிறு துப்பாக்கியே அது. எடை குறைந்தது, ஓசை குறைந்தது, செலவும் குறைந்தது. குறி பார்த்துச் சுடும் விளையாட்டிலும், பயிரை அழிக்கும் சிறு விலங்குகளை ஒழிப்பதிலும் அது மிகுந்த செல்வாக்குப் பெற்றுள்ளது.

நம் அண்டை நாடாகிய சிங்கப்பூரில் இத்துப்பாக்கி விளையாட்டுக் களத்தில் பதக்கங்களை ஈட்டித் தந்துள்ளது. ஆனால், அந்நகரம் காகத் தொல்லையை எதிர்கொண்டபோது இதை நாடவில்லை. காரணம் யாது? இதனை அறிந்துகொள்வது தோட்டப்புறத்தில் வாழும் நமக்கும் பயன் தரும்.

அமைப்பும் செயலும்

இத்துப்பாக்கியின் குழல் ஏறத்தாழ 0.22 அங்குல அகலம் உடையது, அதாவது 5.6 மில்லிமீட்டர். இதில் இடப்படும் தோட்டா ஒரு சிறு பித்தளைக் கூடு. அதன் வாயில் ஈயக் குண்டு பொருத்தப்பட்டிருக்கும். உள்ளே வெடிமருந்து இருக்கும். கூட்டின் அடியில் மடித்துவிட்டாற்போல ஒரு விளிம்பு காணப்படும். அவ்விளிம்பின் உட்புறத்தில்தான் தீப்பற்றும் மருந்து பூசப்பட்டிருக்கிறது. விசையை இழுத்தால் துப்பாக்கியின் ஊசி அவ்விளிம்பை நசுக்கும். உடனே தீப்பொறி எழுந்து, வெடிமருந்து எரிந்து, குண்டு குழல் வழியே பாயும். போர்த் துப்பாக்கியின் தோட்டாவிலோ தீப்பற்றும் மருந்து அடிப்பகுதியின் நடுவில் தனிக் கிண்ணமொன்றில் வைக்கப்பட்டிருக்கும்.

பிரெஞ்சு நாட்டவரான ஃபுலோபர் 1845ஆம் ஆண்டில் இவ்வகைத் தோட்டாவுக்கு வழிகாட்டினார். 1857இல் அமெரிக்காவின் சுமித் வெசன் நிறுவனம் புள்ளி இருபத்திரண்டு தோட்டாவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று உலகெங்கும் வழங்கும் 'லாங் ரைபிள்' தோட்டா 1887இல் தோன்றியது. நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அதன் அடிப்படை அமைப்பு மாறவில்லை.

இங்கு ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. ஊசி நசுக்க வேண்டுமாயின் விளிம்பு மெல்லியதாக இருத்தல் வேண்டும். மெல்லிய கூடு பேரழுத்தத்தைத் தாங்காது. ஆகவே, இத்தோட்டாவில் வெடிமருந்தின் அளவு எப்போதும் சிறிதே. அதன் ஆற்றல் போர்வீரரின் எம்-16 துப்பாக்கித் தோட்டாவின் ஆற்றலில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான். இச்சிறுமையே அதன் பெருமைக்குக் காரணமாயிற்று.

விரும்பப்படுவது ஏன்?

முதலாவது காரணம், அது தோளை உதைப்பதில்லை. பெரிய துப்பாக்கி வெடிக்கும்போது பின்னோக்கி வேகமாக உதைக்கும். அதற்கு அஞ்சிப் புதியவர் விசையை இழுக்குமுன்னரே கண்ணை மூடுவார், தோளைச் சுருக்குவார், குறி தவறிப்போகும். சிறு துப்பாக்கியில் அவ்வச்சத்திற்கு இடமில்லை. தவறு எங்கே நிகழ்ந்தது என்பதை அமைதியாக ஆராய்ந்து திருத்திக்கொள்ளலாம்.

இரண்டாவது காரணம், ஓசை குறைவு. விளையாட்டுக்குரிய தோட்டாவின் குண்டு நொடிக்கு ஏறத்தாழ 330 மீட்டர் வேகத்தில், ஒலியின் வேகத்தை மிஞ்சாதபடி செல்லும். ஒலியை முந்திச் செல்லும் குண்டு காற்றைக் கிழித்து எழுப்பும் 'சடார்' என்னும் ஓசை இதில் எழுவதில்லை.

மூன்றாவது காரணம், சிக்கனம். குண்டின் எடை சுமார் 2.6 கிராம் மட்டுமே. மற்றத் தோட்டாக்களைவிட விலை மலிவு. ஆகவே, ஒரே நாளில் நூறு முறையும் சுட்டுப் பழகலாம். எத்தொழிலும் கைவரப் பெறுவதற்குப் பழக்கமே அடிப்படை அன்றோ?

களத்தில் அது கற்பிக்கும் பாடம்

ஒலிம்பிக் விளையாட்டுகளில் 1908ஆம் ஆண்டு முதலே சிறு துப்பாக்கிப் போட்டிகள் இடம்பெற்றுள்ளன. குறிப்பலகை 50 மீட்டர் தொலைவில் நிற்கும். அதன் நடுவிலுள்ள பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவு 10.4 மில்லிமீட்டர், சட்டைப் பொத்தான் அளவுதான். மண்டியிட்டும், தரையில் கவிழ்ந்து படுத்தும், நிமிர்ந்து நின்றும் அதனைச் சுட வேண்டும். மூச்சின் அசைவும் நாடித் துடிப்பும்கூடக் குறியைப் பிறழச் செய்துவிடும்.

பால்மரம் வெட்டும் தொழிலாளிக்கு இது புதிய செய்தியன்று. கத்தி சிறிது மேலோடினால் பால் குறையும். சிறிது ஆழ்ந்தால் மரம் காயப்படும். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள மயிரிழையில் கத்தியைச் செலுத்துவதற்குக் கையின் வலிமை போதாது. மனத்தின் அமைதி வேண்டும். குறி சுடுவோருக்கும் வேண்டுவது அதே அமைதிதான்.

2014ஆம் ஆண்டு கிளாஸ்கோ காமன்வெல்த் விளையாட்டுகளில், 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில் சிங்கப்பூரின் ஜாஸ்மின் சேர் தங்கப் பதக்கம் வென்றார். 2018ஆம் ஆண்டு கோல்டு கோஸ்ட் விளையாட்டுகளில், படுத்துச் சுடும் போட்டியில் சிங்கப்பூரின் மார்ட்டினா வெலோசோ தங்கமும், இந்தியாவின் தேஜஸ்வினி சாவந்த் வெள்ளியும் பெற்றனர். 2024ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் மூன்று நிலைப் போட்டியில் இந்தியாவுக்கு வெண்கலம் ஈட்டித் தந்த சுவப்னில் குசாலே, இரயில்வேயில் பயணச்சீட்டுப் பரிசோதகராகப் பணிபுரிந்தவர். உழைத்துப் பிழைப்போர்க்கும் இக்கலை எட்டக்கூடியதே என்பதற்கு அவர் சான்றாவார்.

சிங்கப்பூர் வகுத்த வரம்பு

சிங்கப்பூரில் துப்பாக்கிப் பயிற்சியின் வரலாறு நீண்டது. 1854ஆம் ஆண்டிலேயே அங்கு தொண்டர் துப்பாக்கிப் படை அமைக்கப்பட்டது. சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் பாலஸ்டியர் சாலைப் பகுதியில் முன்னாளில் தொண்டர் படையினரின் சுடுகளம் இருந்தது. புக்கிட் தீமா பக்கத்திலுள்ள 'ரைபிள் ரேஞ்ச்' சாலையின் பெயரும் பழைய சுடுகளம் ஒன்றை நினைவூட்டுகிறது. ஊர் வளர்ந்து வீடுகள் நெருங்கியபோது, குடியிருப்பு நடுவே குண்டுகளுக்கு இடமில்லாது போயிற்று.

இன்று அங்கு விளையாட்டு வீரர்கள் உரிமம் பெற்ற கழகங்களின் களத்தில் மட்டுமே சுடுகின்றனர். 1973ஆம் ஆண்டின் ஆயுதக் குற்றச் சட்டப்படி, உரிமையின்றித் துப்பாக்கி வைத்திருப்போருக்கு ஐந்து முதல் பத்து ஆண்டுவரை சிறையும், ஆறுக்குக் குறையாத பிரம்படியும் உண்டு. குற்றம் புரியும் நோக்குடன் சுட்டால் மரண தண்டனை. காற்றுத் துப்பாக்கியும் அச்சட்டத்தின்படி ஆயுதமே. 'சிறியதுதானே' என்னும் வாதம் நீதிமன்றத்தில் எடுபடாது.

காகம் கற்பித்த பாடம்

சிங்கப்பூரின் காகத் தொல்லைக்கு வேர் மலாயாத் தோட்டம் ஒன்றில் இருந்தது என்றால் வியப்பாக இருக்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி, கிள்ளான் வட்டாரக் காப்பித் தோட்டங்களில் புழுக்கள் இலைகளைத் தின்று அழித்தன. அவற்றை ஒழிப்பதற்காக இலங்கையிலிருந்து வீட்டுக் காகங்கள் கொண்டுவரப்பட்டன. காப்பித் தோட்டங்கள் பின்னர் ரப்பர்த் தோட்டங்களாக மாறின. காகங்களோ பெருகிப் பரவின. 1940களில் சிங்கப்பூரிலும் அவை காணப்பட்டன. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கு அவற்றின் தொகை ஓர் இலட்சத்தைத் தாண்டியிருந்ததாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டனர்.

பல ஆண்டுகள் அவற்றைச் சுட்டே குறைக்க முயன்றனர். பயிற்சி பெற்ற கழக உறுப்பினர்களே அப்பணியில் ஈடுபட்டனர். அவர்கள் பயன்படுத்தியது சிறு ரவைகளைச் சிதறவிடும் வேட்டைத் துப்பாக்கி. புள்ளி இருபத்திரண்டு அன்று. பார்வைக்கு வேட்டைத் துப்பாக்கியே பெரியது. அதன் முழக்கமும் பெரியது. எனினும், அதன் ரவைகள் சில நூறு மீட்டருக்குள் வேகமிழந்து விழுந்துவிடும். சிறு துப்பாக்கியின் ஒற்றைக் குண்டோ மேல்நோக்கிச் சுட்டால் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர்வரை செல்லக்கூடியது. தேக்கா சந்தையருகே மரத்திலிருக்கும் காகத்தை நோக்கிச் சுட்ட குண்டு குறி தவறினால், வீரமாகாளியம்மன் கோயிலைக் கடந்து, சீனிவாசப் பெருமாள் கோயிலையும் தாண்டி விழக்கூடும். வழியெங்கும் மக்கள், கடைகள், அடுக்குமாடி வீடுகள். தோளுக்கு மென்மையான துப்பாக்கி, குண்டு சென்று சேரும் இடத்திலும் மென்மையாக இருக்கும் என எண்ணுவது எத்துணைப் பேதைமை!

வேட்டைத் துப்பாக்கியும் நகருக்குள் தொடர்ந்து நீடிக்கவில்லை. பொதுமக்களின் பாதுகாப்பைக் கருதி 2020இல் காகம் சுடுவது நிறுத்தப்பட்டது. கூடுகளை அகற்றுதல், மரக்கிளைகளைக் கழித்தல், பொறிவைத்துப் பிடித்தல், குப்பைத் தொட்டிகளை இறுக மூடுதல் ஆகிய வழிகள் வலியுறுத்தப்பட்டன. உணவு கிடைக்கும்வரை காகம் பெருகும். உணவைத் தடுத்தால் தானே குறையும் என்பதே அவற்றின் அடிப்படை. காட்டுயிர்களுக்கு உணவிடுவது இன்று அங்கு குற்றம். முதன்முறைக்கே 5,000 வெள்ளிவரை அபராதம் விதிக்கப்படலாம். காக்கைக்குச் சோறு வைத்து உண்ணும் வழக்கமுடைய நம்மவர் அந்நகருக்குச் செல்லும்போது இதனை நினைவிற்கொள்வது நலம்.

ஆஸ்திரேலியாவின் அனுபவமும் இதையே உணர்த்துகிறது. 1859இல் அங்கு வேட்டைக்கென விடப்பட்ட சில முயல்கள் நாடெங்கும் பரவின. உழவர் இல்லங்களில் சிறு துப்பாக்கிகள் பெருகியும் முயல்கள் குறையவில்லை. 1950இல் முயல்களுக்கு நோய் பரப்பிய பின்னரே அவற்றின் தொகை சரிந்தது. துப்பாக்கி ஒரு விலங்கைக் கொல்லும். அதன் பெருக்கத்தை நிறுத்துவது அரிது.

தோட்டத்திற்கு இதனால் அறிவது

இளம் ரப்பர்க் கன்றுகளை முள்ளம்பன்றியும் காட்டுப்பன்றியும் கடித்துப் பாழாக்குவது நாம் அறிந்ததே. இரவெல்லாம் காத்தும் பயனின்றி, 'ஒரு துப்பாக்கி இருந்தால்' என ஏங்குவோர் உண்டு. அவர்தம் வருத்தம் நியாயமானது. ஆனால், தோட்டத்தின் அமைப்பைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். நிரை நிரையாக நிற்கும் மரங்களுக்கிடையே குண்டு தங்குதடையின்றிப் பாயும். விடியுமுன் நெற்றி விளக்குடன் குனிந்து பால் வெட்டுவோர் அடுத்த நிரையில் இருப்பர். கல்லிலோ நீர்ப்பரப்பிலோ பட்ட ஈயக் குண்டு திசைமாறித் தெறிக்கும். பன்றி தப்பி ஓடலாம். நம் உறவினர் வீழலாம்.

மலேசியாவிலும் சட்டம் கடுமையானதே. 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி எந்தத் துப்பாக்கிக்கும் உரிமம் வேண்டும். 1971இல் தண்டனைகள் மேலும் கூட்டப்பட்டன. 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டைக்கும் அனுமதி தேவை. குழாயைக் கொண்டு வீட்டில் செய்யப்படும் துப்பாக்கி சட்டத்திற்கு மட்டுமன்று, செய்தவரின் கைக்கும் கண்ணுக்கும் பகையாகும்.

ஆகவே, கன்றைச் சுற்றிக் கம்பி வலை கட்டுதல், வேலியைப் பழுதின்றிக் காத்தல், புதர்களை அழித்து விலங்குகளின் மறைவிடத்தைக் குறைத்தல், லயத்தருகே எச்சில் உணவைக் கொட்டாதிருத்தல் ஆகியவற்றை முதலிற் செய்தல் வேண்டும். செம்பனைத் தோட்டங்களில் எலிகளைக் குறைக்கப் பெட்டிகள் வைத்துக் கூகைகளை வளர்க்கின்றனர். அதுவும் பின்பற்றத்தக்க வழியே. தொல்லை மிகுந்தால் நிர்வாகத்தின் வாயிலாக வனவிலங்கு அதிகாரிகளுக்குத் தெரிவிக்கலாம்.

பிள்ளைகளுக்குக் குறி சுடும் கலையில் ஆர்வம் இருப்பின் அதனை அடக்கிவிட வேண்டியதில்லை. உரிமம் பெற்ற கழகத்தில், பயிற்சியாளரின் கண்காணிப்பில் கற்கட்டும். அங்கே முதலில் கற்பிக்கப்படுவன மூன்று விதிகள்: குழலை எப்போதும் குறிப்பலகைப் பக்கமே வைத்திரு, சுடும் நொடிவரை விசையில் விரலை வைக்காதே, குறிக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பதை அறியாமல் சுடாதே. மூன்றாவது விதியைக் களத்தில் மண்மேடு காக்கிறது. குண்டு அதில் புதைந்து அடங்கிவிடும். தோட்டத்தில் அத்தகைய மண்மேடு இல்லை.

பயிற்சி வினாக்கள்

1. விளிம்பில் தீப்பற்றும் தோட்டாவின் ஆற்றல் சிறிதாக இருப்பதற்குக் காரணம் யாது?
2. சிங்கப்பூரில் காகங்களைச் சுடுவதற்குச் சிறு துப்பாக்கியைப் பயன்படுத்தியிருந்தால் நேரக்கூடிய தீங்கு யாது?
3. காகத்தின் பெருக்கத்தைத் தடுக்கச் சிங்கப்பூர் மேற்கொண்ட வழிகளுள், உங்கள் லயத்தில் நாளையே செய்யக்கூடியவை எவை?