தலை சுற்றுகிறதா? கழுத்தைக் கவனியுங்கள்

மைசூரு என்றதும் ஊதுபத்தி நினைவுக்கு வரும். மைசூர் ஊதுபத்திக்கு 2005-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த மணத்துக்குப் பின்னால் பெண்களின் உழைப்பு இருக்கிறது. பலகை முன் உட்கார்ந்து, தலை குனிந்து, குச்சியில் மாவை உருட்டுவார்கள். மணிக்கணக்கில் குனிந்திருந்தால் கழுத்து வலிக்கும். சிலருக்குக் கழுத்தைத் திருப்பினால் தலையும் சுற்றும். தையல் வேலை செய்பவர்களுக்கும் இப்படி வரலாம். ஓயாமல் கைப்பேசி பார்ப்பவர்களுக்கும் வரலாம்.

கழுத்துக்கும் தலைச்சுற்றலுக்கும் என்ன தொடர்பு?

நம் கழுத்தில் 7 எலும்புகள் அடுக்கடுக்காக உள்ளன. அவை சுமார் 5 கிலோ எடையுள்ள தலையைத் தாங்குகின்றன. குனியக் குனியக் கழுத்துக்குப் பாரம் கூடும்.

நாம் நேராக நிற்கிறோமா என்று மூளைக்கு எப்படித் தெரிகிறது? கண் சேதி சொல்கிறது. உட்காது சேதி சொல்கிறது. கழுத்துத் தசைகளும் மூட்டுகளும் சேதி சொல்கின்றன. எலும்பு தேய்ந்தாலோ, தசை இறுகினாலோ, கழுத்து தவறான சேதி அனுப்பலாம். மூளை குழம்புகிறது. தள்ளாட்டம் வருகிறது.

எல்லாத் தலைச்சுற்றலுக்கும் கழுத்தா காரணம்?

இல்லை. காதுக் கோளாறு, இரத்தசோகை, இரத்த அழுத்தம், சர்க்கரை நோய் ஆகியவற்றாலும் தலை சுற்றும். மருத்துவர் முதலில் இவற்றைச் சோதிப்பார். இவை இல்லை என்றால்தான் கழுத்தைக் காரணமாகச் சொல்வார். மைசூருவில் அகில இந்திய பேச்சு, செவித்திறன் நிறுவனம் 1965 முதல் இருக்கிறது. காதுக் கோளாறுகளை அங்கே சோதிக்கிறார்கள்.

கழுத்தில் சொடக்கு எடுக்கலாமா?

கூடாது. கழுத்து எலும்புகளின் துளைகள் வழியாக 2 இரத்தக் குழாய்கள் மூளைக்குப் போகின்றன. கழுத்தின் முன்பக்கமும் இரத்தக் குழாய்கள் உள்ளன. வெடுக்கென்று திருப்பினால் இவை கிழியலாம். 2024-இல் கர்நாடகத்தின் பல்லாரியில் இப்படி நடந்ததாக நாளிதழ்களில் செய்தி வந்தது. முடிதிருத்தும் கடையில் ஓர் இளைஞரின் கழுத்தைத் திருப்பினார்கள். அவருக்குப் பக்கவாதம் வந்தது. சிகிச்சை பெற்று உயிர் தப்பினார்.

நாம் செய்ய வேண்டியவை

* அரை மணிக்கு ஒரு முறை எழுந்து நடங்கள். தோளை மெதுவாகச் சுழற்றுங்கள்.
* வேலைப் பலகையை உயர்த்தி வையுங்கள். குனிவது குறையும்.
* உயரமான தலையணை வேண்டாம்.
* தலை சுற்றினால் உடனே உட்காருங்கள். கிணற்றடியிலும் அடுப்பருகிலும் நிற்காதீர்கள்.
* மருத்துவர் சொல்லும் கழுத்துப் பயிற்சியை மட்டும் செய்யுங்கள்.

தலைச்சுற்றலோடு பேச்சு குழறுகிறதா? வாய் கோணுகிறதா? கை கால் மரத்துப் போகிறதா? பார்வை இரண்டாகத் தெரிகிறதா? இது பக்கவாதமாக இருக்கலாம். ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள்.

உழைக்கும் கை நமக்குச் சோறு போடுகிறது. அந்தக் கையோடு கழுத்தும் சேர்ந்துதான் உழைக்கிறது. அதற்கும் ஓய்வு கொடுப்போம்.

பேசிப் பாருங்கள்

1. உங்கள் வேலையில் எவ்வளவு நேரம் குனிந்திருக்கிறீர்கள்?
2. அதைக் குறைக்க என்ன செய்யலாம்?